ஆறாம் நம்பர் கடிதம்

போன வாரம் பள்ளியிலிருந்து தலைமை ஆசிரியை போன் செய்தார். பெண்கள் விடுதிக்குப் புதிதாக நான்கு பேர் ஸ்டடி மிஸ் வேலைக்கு வந்திருக்கிறார்களாம். "ஒருக்கா வந்து அவங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போங்க" என்றார். சரிங்க மேடம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு எப்போதும் வராது. பாதியில் பேச்சு நின்றுவிடும். மறுநாள் நானே போன் செய்து, பேசவில்லை, எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். நீங்கள் இதைப் படிக்கும்போது நான் அங்கே இருக்க மாட்டேன். அது எனக்கு நிம்மதி.

எனக்கு ஊர் ராசிபுரம். வீட்டில் தறி. ப்ளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியில் படித்தேன். இங்கிலீஷில் எல்லைக் கோட்டைத் தொட்டுப் பாஸ் செய்தவள். அப்படிப்பட்ட நான் பதினான்கு வருடம் இந்த விடுதியில் பத்தாம் வகுப்புப் பெண்களிடம் இங்கிலீஷ் ஒப்புவிக்கக் கேட்டேன். சர்க்கரை கண்ணைப் பிடித்துக்கொண்டதால் போன வருடம் வேலையை விட்டேன்.

வேலை என்னவென்று இந்நேரம் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஆசிரியர்கள் பகலில் பாடம் நடத்துவார்கள். காலையிலும் மாலையிலும் ஸ்டடி ஹாலில் பெண்களை உட்கார வைத்துப் படிக்க வைப்பதும், படித்ததை ஒப்புவிக்கச் சொல்லிக் கேட்பதும் நம் வேலை. பள்ளியே அச்சடித்துக் கொடுக்கும் மெட்டீரியல் புத்தகம் நம் கையில் இருக்கும். பெண் சொல்லச் சொல்ல நம் விரல் வரியின் மேல் நகர வேண்டும். ஒரு சொல் பிசகாமல் சொன்னால் சுவரில் ஒட்டிய சார்ட்டில் அவள் பெயருக்கு நேரே நம் கையெழுத்து. பிசகினால் போய்ப் படித்துவிட்டு வா. எனக்கு இந்த வேலையைப் பழக்கிய அக்கா முதல் நாளே சொன்னார்: "உனக்கு அர்த்தம் தெரியோணும்னு இல்ல கண்ணு. புஸ்தகத்துல இருக்கறதும் புள்ள வாயில வர்றதும் ஒண்ணா இருக்குதான்னு பாத்தாப் போதும்." எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

பெண்களின் ஞாபக சக்தியைப் பார்த்து நான் அசந்துபோகாத நாள் இல்லை. கடிதங்கள் பத்து, நோட்டீஸ் எட்டு, விளம்பரம் ஆறு, வரைபடத்தைப் பார்த்து வழி சொல்வது ஐந்து, நடந்த நிகழ்ச்சியைப் பற்றிய அறிக்கை நான்கு. எல்லாவற்றையும் பதினைந்து வயதுப் பெண்கள் கமா, முற்றுப்புள்ளி உட்பட மூச்சு விடாமல் சொல்வார்கள். துணி காயப்போடும்போதும் உதடு அசைந்துகொண்டே இருக்கும். ஒரு வருடம் மூன்றாம் நம்பர் கடிதத்தில் ஒரு வரி தவறுதலாக இரண்டு தடவை அச்சாகிவிட்டது. எனக்குத் தெரியவில்லை. ஒரு பெண் அதை ஒரு தடவை மட்டும் சொன்னபோது, வரி விட்டுப்போச்சு என்று அவளை நிற்க வைத்தேன். அந்த வருடம் என் ஹாலில் முப்பது பேரும் அதே வரியை இரண்டு தடவை முகம் மாறாமல் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். தேர்வுத் தாளிலும் இரண்டு தடவை எழுதிவைத்தார்கள். ஆசிரியர்கள் அறையில் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அப்போதே கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

இப்போது தர்ஷினியைப் பற்றிச் சொல்கிறேன். நான் சொல்ல வந்ததே அதுதான்.

திருச்செங்கோட்டுப் பக்கம் காட்டுவளவு என்று ஒரு சின்ன ஊர், அவளுக்கு. அப்பா போர்வெல் ரிக் லாரியில் வேலை. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போய்விட்டால் ஊர் திரும்ப ஏழெட்டு மாதம் ஆகும். அம்மா பள்ளிபாளையம் பக்கம் ஒரு மில்லுக்குப் போகிறவர். வீட்டில் தனியாக விட முடியாது என்றுதான் பெண்ணை விடுதியில் சேர்த்திருந்தார்கள். அமைதியான பெண். என்னைப் போலவே கூச்சம். ஆனால் மனப்பாடம் என்பது அவளுக்குக் கொஞ்சமும் வராது. முதல் இரண்டு வரி புத்தகத்தில் இருப்பது போலவே வரும். மூன்றாவது வரியில் புத்தகம் ஒரு பக்கம் போகும், அவள் ஒரு பக்கம் போவாள். என் விரல் அந்தரத்தில் நிற்கும்.

சார்ட்டில் மற்ற முப்பத்தொரு பேருக்கும் கட்டம் நிறைந்துவிட்டது. தர்ஷினியின் வரிசை மட்டும் வெள்ளையாக இருந்தது. ஆறாம் நம்பர் கடிதத்துக்கு மட்டும் நான்கு நாள் என்னிடம் வந்து நின்றாள். குடிநீர் வரவில்லை என்று நகராட்சி ஆணையருக்கு எழுதும் புகார்க் கடிதம் அது.

"ஏஞ்சாமி, இன்னும் வரலியா?" என்று கேட்டேன்.

"வருதுங்க மிஸ். வேற மாதிரி வருதுங்க."

"வேற மாதிரி வந்தா நா எப்படிக் கையெழுத்துப் போடறது?"

அவள் புத்தகத்தை வாங்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

இரண்டாம் திருப்புதல் தேர்வுக்கு முன்னால் சார்ட் நிறையாதவர்களின் பெற்றோரை வரவழைப்பது பள்ளியின் வழக்கம். அந்த வருடம் எங்கள் ஹாலில் ஒருத்திதான். விடுதியை விட்டு வீட்டுக்குக் கூட்டிப் போய்விட வேண்டும், பொதுத் தேர்வுக்கு மட்டும் வந்து எழுதிவிட்டுப் போகட்டும் என்று முடிவு. வீட்டுக்குப் போனால் அவளுக்குச் சொல்லித்தர ஒருவரும் இல்லை. தேர்வுக்கு முன்னால் இரண்டு மாதம் வீட்டில் சும்மா இருக்கும் பெண்ணை எந்த மில்லில் சேர்ப்பார்கள் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சேர்ந்தவர்களில் தேர்வு எழுதத் திரும்பி வந்தவர்கள் குறைவு.

அந்த முடிவுக்கு என் குறிப்பு ஒன்று வேண்டும். ஒரு வரி. வெள்ளிக்கிழமை மதியம் எழுதிக் கொடுத்தேன்: "பல முறை சொல்லியும் மனப்பாடம் செய்யவில்லை. முன்னேற்றம் இல்லை." பொய் ஒன்றும் இல்லை. எழுத எனக்கு ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. சனிக்கிழமை பத்து மணிக்கு அவள் அம்மாவை வரச் சொல்லியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை ஹாலில் ஒரு ஸ்லிப் டெஸ்ட். தலைமை ஆசிரியை வேறு மாவட்டத்துக் கேள்வித்தாள் ஒன்றிலிருந்து ஒரே ஒரு கடிதக் கேள்வியை எடுத்துக் கொடுத்திருந்தார். தாளைக் கொடுத்தேன். நானும் ஒன்றைப் பார்த்தேன். கேள்வி நீளமாக இருந்தது. அதில் 'கம்ப்ளைன்ட்' என்ற சொல் என் கண்ணில் பட்டது. இங்கே நான் வெட்கத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்த ஹாலிலும் இது நடக்கும், உங்களுக்கும் யாராவது பழக்கிவிடுவார்கள். கேள்வியில் எந்தச் சொல் வந்தால் எத்தனையாவது கடிதம் என்று நாங்கள் ஒரு கணக்கு வைத்திருப்போம். 'லீவ்' என்றால் ஒன்று, 'புக்ஸ்' என்றால் நான்கு, 'கம்ப்ளைன்ட்' என்றால் ஆறு. பெண்கள் தாளிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தார்கள். நான் ஒரு கையில் ஐந்து விரலும் இன்னொரு கையில் ஒரு விரலும் காட்டினேன். தலைகள் குனிந்தன. பேனாக்கள் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கின. அந்தச் சத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். என் ஹால் எப்போதும் முதலில் முடிக்கும் ஹால்.

தர்ஷினி மட்டும் என் விரலைப் பார்க்கவில்லை. அவள் கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை, பெண்கள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் மெட்டீரியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தாள்களைத் திருத்தினேன். முப்பத்தொரு பேரும் ஆறாம் நம்பரை அச்சு மாறாமல் எழுதியிருந்தார்கள். முழு மதிப்பெண் போட்டேன். கடைசியில் தர்ஷினியின் தாள். மேலே தேதி, கீழே மதிப்பிற்குரிய ஐயா, அது வரைக்கும் சரி. அதற்குக் கீழே ஒன்றும் பொருந்தவில்லை. சிவப்புப் பேனாவால் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்துவிட்டுச் சைபர் போடப் போனேன். அப்போது தாளின் நடுவில் 'காட்டுவளவு' என்ற சொல் இங்கிலீஷ் எழுத்தில் இருப்பதைப் பார்த்தேன்.

ஆறாம் நம்பர் கடிதத்தில் காட்டுவளவு கிடையாது. அது இந்தப் பெண்ணின் ஊர். இங்கிலீஷ் கடிதத்தில் இவள் ஊருக்கு என்ன வேலை என்று தோன்றியது. விரலை வைத்து மேலிருந்து படித்தேன். இந்த முறை என் விரல் போக வேண்டிய பக்கம் வேறு புத்தகத்தில் இல்லை. அந்தத் தாளில்தான் இருந்தது.

அதில் எழுதியிருந்தது இதுதான். காலை ஆறு பத்துக்கு வரும் பஸ் காட்டுவளவுக்குச் சாலை பிரியும் பிரிவு நிறுத்தத்தில் நிற்பதில்லை. பதினொரு பெண்கள் கை காட்டுகிறார்கள். டிரைவர் பார்க்கிறார், பார்த்துவிட்டுப் போகிறார். ஏழு மணிக்கு மில் கேட்டை மூடிவிடுவார்கள். பத்து நிமிடம் தாமதமானால் அன்று வேலை இல்லை. என் அம்மா கையில் சாப்பாட்டுத் தூக்குடன் பஸ்ஸின் பின்னால் ஓடுகிறார். என் அம்மாவுக்கு நாற்பத்தொரு வயது. அவர் நன்றாக ஓடுவார். பஸ் அவரை விட நன்றாக ஓடும். பதினொரு பேர் ஏற ஒரு நிமிடம் போதும், நாங்கள் எண்ணிப் பார்த்திருக்கிறோம். தயவுசெய்து ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள்.

இரண்டு சொற்களுக்கு மட்டும் அகராதி பார்த்தேன். மற்றதெல்லாம் எனக்கே புரிந்தது. பிழைகள் இருந்தன, அதுகூடத் தெரிந்தது. எனக்கு அப்போது எப்படி இருந்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அன்று வரைக்கும் பன்னிரண்டு வருடமாக ஆயிரக்கணக்கான தடவை இங்கிலீஷ் கடிதங்களைக் கேட்டிருக்கிறேன். கடிதம் என்பது ஒருவர் இன்னொருவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்வது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்தப் பத்துக் கடிதங்களில் யாரும் யாரிடமும் எதையும் சொன்னதாக எனக்குத் தோன்றியதே இல்லை. இந்தத் தாளில் ஒரு பெண் ஓடிக்கொண்டிருந்தாள். எனக்கு மூச்சு வாங்கியது.

பிறகுதான் கேள்வித்தாளை எடுத்து முழுதாகப் படித்தேன். உங்கள் ஊர் நிறுத்தத்தில் பஸ் நிற்காதது பற்றிப் போக்குவரத்துக் கழக மேலாளருக்குப் புகார்க் கடிதம் எழுதுக என்று கேட்டிருந்தார்கள். குடிநீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முப்பத்தொரு பேர் எழுதியது தவறு. எழுத வைத்தது என் ஆறு விரல். அத்தனை தாளுக்கும் முழு மதிப்பெண் போட்டு, சரியாக எழுதிய ஒருத்தியின் தாளில் கோடு இழுத்திருக்கிறேன். பொதுத் தேர்வுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது.

உடனே ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன் என்று நீங்கள் நினைக்க வேண்டாம். ஸ்லிப் டெஸ்ட் தாள்களை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை, மொத்த மதிப்பெண்ணை மட்டும்தான் கேட்பார்கள். நான் வாயைத் திறக்காவிட்டால் ஒன்றும் வெளியே வராது. திறந்தால் விரல் காட்டியது வெளியே வரும். என் ஹாலின் பெயர் போகும், வேலையும் போகலாம். தர்ஷினியின் தாளைக் கட்டின் அடியில் வைத்தேன். நூலால் இறுக்கிக் கட்டி, முப்பத்தொரு பேர் ஃபுல் மார்க் என்று மட்டும் தலைமை ஆசிரியைக்குச் சொல்லி அனுப்பினேன். போய் டீ குடித்தேன். கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்தேன், அது என் வேலை கூட இல்லை.

எட்டரை மணி இருக்கும். பள்ளி கேட்டில் ஒரு பெண் நுழைவதைப் பார்த்தேன். கையில் மஞ்சள் பை. சந்திப்புக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. வாட்ச்மேன் கூட மெதுவாகப் போங்க என்று ஏதோ சொன்னார். அந்தப் பெண் கேட்டிலிருந்து ஆபீஸ் வரைக்கும் ஓடித்தான் வந்தார். சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உடம்பு நேராக, நல்ல வேகமாக. நான் அவரை அதற்கு முன் பார்த்ததே இல்லை. பார்த்த உடனே யார் என்று தெரிந்துவிட்டது.

கட்டைப் பிரித்துத் தாளை எடுத்துக்கொண்டேன்.

தலைமை ஆசிரியையின் அறைக்குள் நான் அதுவரை வாசலைத் தாண்டி நின்றதில்லை. பத்து மணிக்கு உள்ளே தர்ஷினியும் அவள் அம்மாவும் நின்றுகொண்டிருந்தார்கள். மேஜை மேல் என் குறிப்பு இருந்தது. மேடம் கடுமையானவர், கெட்டவர் இல்லை. நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மா எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். மகளின் பெட்டியை எடுத்துப் போக ஒரு கயிறு கூடக் கொண்டு வந்திருந்தார். பையிலிருந்து அதன் நுனி தெரிந்தது.

நான் உள்ளே போய் நின்றேன். மேடம் நிமிர்ந்து, என்ன என்பது போலப் பார்த்தார்.

"மேடம், நேத்து டெஸ்ட்டுல எங்க ஹால்ல முப்பத்தொரு பேரும் தப்புங்க" என்றேன்.

"காலைல அத்தன பேரும் ஃபுல் மார்க்னு சொல்லி அனுப்புனீங்களே?"

"ஆமாங்க. நாந்தான் போட்டேன். கேள்வியப் படிக்காம ஆறு வெரலக் காட்டிப்போட்டேன். கேட்ட கேள்விக்கு எழுதுனது இந்தப் புள்ள ஒருத்திதாங்க."

தாளை நீட்டினேன். மேடம் வாங்கிப் படித்தார். சிவப்புக் கோட்டின் குறுக்கே அவர் கண் ஒவ்வொரு வரியாகப் போவதைப் பார்த்தேன். ஒரு தடவை படித்துவிட்டு மறுபடி மேலே போனார்.

"யார் எழுதிக் கொடுத்தது?" என்று தர்ஷினியைக் கேட்டார்.

"யாருமில்லீங்க மேடம்."

மேடம் மேஜை ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் வைத்தார். "சரி. உன்னை வீட்டுக்கு அனுப்பறதா முடிவு. அனுப்ப வேண்டாம்னு எனக்கு ஒரு லெட்டர் எழுது. இங்கயே, இப்பவே" என்றார்.

அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மகள் என்ன தப்புச் செய்தாள், எதற்கு எழுதச் சொல்கிறார்கள் என்று என்னிடம் கிசுகிசுத்தார். தர்ஷினி குனிந்து எழுதினாள். நின்றபடியே எழுதினாள், நாற்காலி இருந்தும் யாரும் உட்காரச் சொல்லவில்லை. கால் மணி நேரம் ஆகியிருக்கும். அவள் எழுதுவதுதான் விடுதியில் அவளுடைய இடத்தைக் காப்பாற்ற வேண்டும். அதற்கு உதவ எந்த நம்பரும் கிடையாது. நான் எந்த விரலைக் காட்டுவேன்?

எழுதி முடித்ததை மேடம் முதலில் மனதுக்குள் படித்தார். பிறகு அந்த அம்மாவுக்காகத் தமிழில் சொன்னார். எனக்கு மனப்பாடம் வரவில்லை, முயற்சி செய்தேன். ஆனால் யாராவது கேட்டால் எனக்குப் பதில் சொல்ல வருகிறது. தேர்விலும் கேட்கத்தானே செய்கிறார்கள். என்னை வீட்டுக்கு அனுப்பினால் நானும் ஆறு பத்து பஸ்ஸுக்கு ஓடுவேன். அதற்குப் பிறகு எனக்கு எழுத நேரம் இருக்காது.

சொல்லி முடித்ததும் மேடம் சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டு எழுத்துப் பிழைகளைச் சுழித்தார். பிறகு என் குறிப்பை மடித்து இழுப்பறையில் போட்டார்.

அந்த அம்மா அப்போதுதான் மேடத்திடம் ஒன்று கேட்டார். "ஏனுங்க மேடம், பஸ்ஸுனு என்னமோ சொன்னீங்களே, அது என்னங்க?" மேடம் முதல் தாளையும் தமிழில் சொன்னார். பஸ்ஸின் பின்னால் ஓடும் இடம் வந்ததும் அந்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. மகளின் தோளில் மெதுவாக ஒரு அடி போட்டார். "அட இவளே, இதையெல்லாமா எழுதுவாங்க? ஊட்டு மானம் போகுதே" என்றார். அடித்த கையை அப்படியே தோளில் வைத்துக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து, என்னையும் மேடத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இத நெசமாலுமே அந்த பஸ்ஸு ஆபீசுக்குப் போடலாங்களா?"

மேடமும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உண்மையைச் சொல்கிறேன், எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை. அத்தனை வருடத்தில் எத்தனையோ ஆயிரம் கடிதங்களை எழுத வைத்திருக்கிறோம். ஒன்றையாவது தபாலில் போடலாம் என்று நினைத்ததில்லை. தேர்வு விதிப்படி தர்ஷினி பெயருக்குப் பதில் மூன்று எக்ஸ் போட்டிருந்தாள். அதைக் காட்டி, இங்கே எங்க பேரு வரோணுமுங்களா என்று அந்த அம்மா கேட்டார். மகள் அந்த இடத்திலேயே வேறு தாளில் சிவப்புக் கோடு இல்லாமல், பெயர் போட்டுப் படியெடுத்தாள். பெட்டி கட்டக் கொண்டு வந்த கயிறு இருந்த பையில் கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு அவர் கிளம்பினார். பெட்டி விடுதியிலேயே இருந்தது.

அவர் போன பிறகு மேடம் என்னை நிறுத்தினார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். இனி தினமும் மாலையில் ஹாலில் புதிதாக ஒரு கேள்வி, முப்பத்திரண்டு பேரும் தாங்களே எழுத வேண்டும், பொறுப்பு நீங்கள் என்றார். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு தெரியாதுங்க மேடம், சரியா தப்பா என்று எப்படிச் சொல்வேன் என்று கேட்டேன்.

"படிச்சா உங்களுக்குப் புரியுதா? புரிஞ்சா கையெழுத்துப் போடுங்க. புரியலைன்னா எங்கிட்ட அனுப்புங்க" என்றார்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இந்த ஒன்றுதான். விதி, நேரம், மார்க் எல்லாம் மற்றவர்கள் சொல்லுவார்கள்.

அன்று மாலை ஹாலில் நடந்ததை நான் மறக்க மாட்டேன். விடுதியில் உங்களுக்கு இருக்கும் ஒரு குறையைப் பற்றிக் கடிதம் எழுதுங்கள் என்று கொடுத்தேன். தலைகள் நிமிர்ந்து என் கையைப் பார்த்தன. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். பத்து நிமிடம் ஒரு பேனாவும் ஓடவில்லை. எனக்குப் பயம் பிடித்தது, கெடுத்துவிட்டோமோ என்று. பிறகு ஒரு மூலையில் ஒரு பேனா, இன்னொரு மூலையில் ஒன்று. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும் சத்தம் அதற்குப் பிறகு என் ஹாலில் வந்ததில்லை. தாள்களை வாங்கிப் படிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. முப்பத்திரண்டு தாளில் முப்பத்திரண்டு விஷயம். மூன்றாம் மாடிக் குழாயில் நூல் போலத் தண்ணீர் வருவதை ஒருத்தி எழுதியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போன் பேச மூன்று நிமிடம்தான், அதில் இரண்டு நிமிடம் தன் தம்பி அழுதே தீர்த்துவிடுகிறான் என்று இன்னொருத்தி. ஒரு வாயாடிப் பெண், எங்கள் ஸ்டடி மிஸ் கேள்வியை முழுசாகப் படிக்க விடாமல் விரலைக் காட்டுகிறார், நடவடிக்கை எடுக்கவும் என்று எழுதியிருந்தாள். நன்றாகப் புரிந்தது. கையெழுத்துப் போட்டேன்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லி உங்களை ஏமாற்றக் கூடாது. முப்பத்தொரு பேரில் சிலருக்குச் சொந்தமாக எழுதுவது கடைசி வரை வரவில்லை. அவர்களுக்கு மனப்பாடத்தையே திருப்பிக் கொடுத்தோம், அவர்கள் தொண்ணூறுக்கு மேல் வாங்கினார்கள். தர்ஷினி இங்கிலீஷில் அறுபத்தேழு. பள்ளியின் கணக்கில் அது சின்ன எண். ஆனால் அவள் தேர்வு அறைக்குள் போனாள், எழுதினாள், எல்லாப் பாடத்திலும் பாஸ் ஆனாள். அந்த இரண்டு மாதமும் அவள் ஆறு பத்து பஸ்ஸுக்கு ஓடவில்லை.

மதிப்பெண் பட்டியல் வாங்க அம்மாவும் மகளும் வந்தார்கள். திருச்செங்கோட்டில் ப்ளஸ் ஒன் சேரப் போவதாகச் சொன்னார்கள். பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டு, எனக்கு அன்று முதல் மனதில் இருந்ததை அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"ஏனுங்க, பஸ்ஸு இப்ப நிக்குதுங்களா?"

"ஒரு நாளைக்கு நிக்குதுங்க, ஒரு நாளைக்கு இல்லீங்க" என்றார். "பதில் ஒண்ணும் போடல. ஆனா லெட்டரு போன மறுவாரம் செக்கரு ஒருத்தரு வந்து பிரிவுல நின்னு பாத்துட்டுப் போனாருங்க. அதுக்கு முன்னால அங்க யாரு வந்து நின்னா?"

சொல்லிக்கொண்டே மஞ்சள் பையில் கையை விட்டு, நாள்காட்டியில் கிழித்த தாள்களை எடுத்தார். ஒரு குண்டூசியில் குத்தி வைத்திருந்தார். ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் பென்சிலால் தமிழில் ஒரு சொல். நின்னது. நிக்கல. நிக்கல. நின்னது. ஒன்றில் மட்டும், நின்னது ஆனா தூரமா. அந்த அம்மா ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். யாரும் அவரை எழுதி வைக்கச் சொல்லவில்லை.

"அடுத்த லெட்டருக்கு ஆகுமேன்னு" என்று கூச்சத்துடன் சிரித்தார்.

தர்ஷினி தாள்களை வாங்கிக்கொண்டாள். மதிப்பெண் பட்டியலை என் மேஜையில் அப்படியே வைத்துவிட்டு, வராந்தாச் சுவரில் சாய்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பினாள். ஒரு தாளில் நிறுத்தினாள்.

"அம்மா, அந்தப் புதங்கெழம எத்தன மணிக்குப் போச்சு? டைம் எழுதாம உட்டுட்டியே" என்றாள்.

அந்த அம்மா யோசித்துச் சொல்லத் தொடங்கினார். நான் என் முந்தானையில் குத்தியிருந்த பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினேன்.